அப்பாவின் முட்டிக்கு அரியர்ஸ்!

மிக்ஸி வாங்கினால் வாரண்டி கார்டு தருகிறார்கள். கிரைண்டருக்குத் தருகிறார்கள். சாதாரண டார்ச் லைட்டுக்குக்கூட கடைக்காரர் சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, 'பத்திரமா வெச்சுக்குங்க சார்' என்று நீட்டுகிறார். நாமும் அதை டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே பத்திரப்படுத்தி, தேவைப்படும் தினத்தன்று மட்டும் தொலைத்துவிடுகிறோம்.

லட்சக்கணக்கில் செலவழித்து அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றுகிறோமே... அதற்கு?

இருக்கிறது சார். கார்டு இல்லை, ஸ்டிக்கர்! செயற்கை மூட்டு வருகிற டப்பாவிலேயே தபால்தலை மாதிரி நாலைந்து குட்டி லேபிள்கள் இருக்கும். கம்பெனி பெயர், மாடல், சைஸ், லாட் நம்பர் எல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அதைப் பிய்த்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். ஒரு செட் நமக்கும் வரும், அதாவது வரவேண்டும். அப்போது அதை யாரும் சட்டை செய்வதில்லை. அப்பா நடந்தாரா, இட்லி சாப்பிட்டாரா, பில் எவ்வளவு... இதுதான் கவலை. ஆனால் பல வருஷம் கழித்து அந்த ஸ்டிக்கருக்குத் திடீரென்று தங்கக் காசு மதிப்பு வந்துவிடும். அதே மூட்டில் மறுபடி கத்தி வைக்கணும் என்று டாக்டர் சொல்கிற தினத்தில்.

டாக்டர்கள் பாஷையில் இதற்கு 'ரிவிஷன்' என்று பெயர். என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் அரியர்ஸ். பாஸாகிவிட்டதாக நினைத்து ஸ்வீட் கொடுத்த பேப்பரையே மறுபடி உட்கார்ந்து எழுதுவது. சிலபஸ் முதல் தடவையைவிட ஜாஸ்தி. பரீட்சை நேரமும் ஜாஸ்தி. ஃபீஸ்? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

'இருபத்தெட்டு வயசுப் பையன் நான், எனக்கு எதுக்கு முட்டி சமாசாரம்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முட்டி அப்பாவுடையதாக இருக்கலாம். ஃபைல் தேடுவது, ஆபீஸில் லீவு கெஞ்சுவது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுவது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் முதுகு வலிக்கப் படுப்பது... இத்தனையும் யார் தலையில் விடியும்? உங்கள் தலையில்தான்.

நம் ஊரில் மூட்டு மாற்று ஆபரேஷன் டீக்கடை வரைக்கும் பிரபலமானது வாஜ்பாய் புண்ணியத்தில். பிரதமராக இருந்தபோதே 2000 அக்டோபரில் இடது முழங்கால், 2001 ஜூனில் வலது முழங்கால் என்று மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்து செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத். 'பிரதமரே பண்ணிக்கிட்டார், நமக்கென்ன?' என்று தைரியம் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எத்தனையோ அப்பா, அம்மாக்கள் ஆபரேஷன் டேபிளில் ஏறினார்கள். அந்த பேட்ச்சுக்கு இப்போது முட்டியின் வயசு இருபதைத் தாண்டுகிறது.

உடனே அப்பாவின் முட்டியைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம். 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, முழுதாக மாற்றப்பட்ட முழங்கால்களில் நூற்றுக்கு சுமார் 82, இருபத்தைந்து வருஷம் தாக்குப்பிடிக்கிறது. இடுப்பு மூட்டில் சுமார் 58. நம் ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் இது தெய்வ லெவல். ஆனால் சின்ன வயசில் மாற்றிக்கொண்டால் கணக்கு மாறுகிறது. அதே இதழில் 2017-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஐம்பதுகளின் ஆரம்பத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் நூற்றுக்கு 35 பேர் வரை, ஆயுளுக்குள் இன்னொரு ஆபரேஷனுக்குப் போக வேண்டியிருக்கலாம் என்று தெரிந்தது. எழுபதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களுக்கு அது சுமார் ஐந்துதான். காரணம் சிம்பிள். ஐம்பது வயசுக்காரர் ஓடியாடி உழைக்கிறார், மூட்டு தேய்கிறது, அதற்கப்புறமும் ஆண்டவன் ஆயுசைக் கொடுத்துவிடுகிறான்!

முட்டியையே வெட்டி எடுத்துவிட்டு இரும்பு முட்டி மாட்டுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அப்படியில்லை. சொத்தைப் பல்லைச் சீவி கேப் போடுகிறாரே பல் டாக்டர், ஏறக்குறைய அதே வேலை. தொடை எலும்பின் நுனியை ஒரு சென்டிமீட்டர் மாதிரி சீவி, ஒரு உலோகத் தொப்பி. கீழ்க்கால் எலும்பின் தலையைச் சீவி, ஒரு உலோகத் தட்டு. நடுவில் வழுக்கிக்கொண்டு போக பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக் துண்டு. பிடித்து நிறுத்த, பெரும்பாலும் ஒருவகை சிமெண்ட். கொத்தனார் சிமெண்ட் இல்லை, அக்ரிலிக் ஜாதி.

அப்புறம் எதற்காகக் கெட்டுப்போகிறது? ஒன்று, பிளாஸ்டிக் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. உடம்பின் போலீஸ்காரர்களான வெள்ளை அணுக்கள் அந்தத் தூளை விரட்ட லத்தி சார்ஜ் செய்கின்றன. லத்தி சார்ஜ் நடந்தால் பக்கத்துக் கடைக் கண்ணாடி உடையும் அல்லவா? அந்த மாதிரி பக்கத்து எலும்பு அரிக்கப்பட்டு, மூட்டு ஆட ஆரம்பிக்கிறது. இன்னொன்று கிருமி. கீழே விழுந்து, செயற்கை மூட்டை ஒட்டி எலும்பு முறிவது உண்டு. இடுப்பாக இருந்தால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவுவது உண்டு. மடக்கவே முடியாமல் விறைத்துப்போவதும் உண்டு.

இந்த அரியர்ஸ் விஷயத்தில் பெரிய பாடம் படித்தவர் மூட்டு மாற்று சிகிச்சையின் பிதாமகரான ஜான் சார்ன்லியேதான். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். 1950-களின் கடைசியில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். ஆமாம், நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிற அதே சமாசாரம்! வழுக்கிக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டார். போயிற்று. நோயாளிகள் கும்பிட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் டெஃப்லான் தேய்ந்து தூளாகி, உள்ளே புண்ணாகி, கிட்டத்தட்ட முந்நூறு பேருக்கு அந்த ஆபரேஷன் தோற்றுப்போனது.

மனுஷன் ஊரைவிட்டு ஓடவில்லை. வரிசையாகத் திரும்ப ஆபரேஷன் செய்தார். இதற்கிடையே அவருடைய லேப் டெக்னீஷியன் ஹாரி கிரேவனிடம், நெசவுத் தறிக்கான பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்க வந்த ஒரு சேல்ஸ்மேன் மாட்டினார். அந்த பிளாஸ்டிக்கை சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து 'உதவாது' என்று விட்டுவிட்டார். கிரேவன் விடவில்லை. தேய்மான மெஷினில் மாட்டி, வாரக்கணக்கில் ஓட்டினார். தேய்வேனா என்றது. அதுதான் பாலிஎத்திலீன். இந்தத் தடவை சார்ன்லி உஷாராக, டெஃப்லான், பாலிஎத்திலீன் இரண்டிலும் துணுக்கு எடுத்துத் தன் தொடையிலேயே பதித்துக்கொண்டு சோதித்தார். 1962 நவம்பரில் ஆரம்பித்த அந்தப் புது மூட்டின் வாரிசுகள்தான் இன்று உலகம் பூராவும் நடந்துகொண்டிருக்கின்றன. (எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் எத்தனையோ பாலன்ஸ் ஷீட் பார்த்திருக்கிறேன். தன் தொடையில் பதித்துப் பார்த்து கையெழுத்துப் போட்டவர் ஒருத்தர்கூடக் கிடையாது.)

சரி, நம்மூர் கேஸுக்கு வருவோம். என் பெரியப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. நாற்பது வருஷம் கல்லாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே முட்டியைத் தேய்த்தவர். 2014-ல் வலது முழங்காலை மாற்றினார்கள். ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை. 2021-ல் முட்டி லேசாக வீங்கியது, தொட்டால் சூடு, ராத்திரியில் வலி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஒரு மாதத்தில் மறுபடி. மறுபடி ஐந்து நாள். மூன்றாவது ரவுண்டில் பெரியப்பாவே மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளுமளவுக்குத் தேர்ச்சி பெற்றுவிட்டார்.

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் அவரை இங்கே ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிவந்தான். டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். முதல் வாக்கியமே, "எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம்! "வீங்கிக் கெடக்கறப்ப மருந்த நிறுத்தச் சொல்றாரே, இவரெல்லாம் ஒரு டாக்டராடா?"

டாக்டர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. "அம்மா, வீட்டுல திருடன் பூந்திருக்கான். அப்பப்ப சைரன் ஊதினா அவன் பரண்ல ஒளிஞ்சுக்குவான். வெளிய போக மாட்டான். சைரனை நிறுத்தினாத்தான் வெளிய வருவான். அப்ப ஆள் யாருன்னு பார்த்து, அவனுக்கேத்த லாடம் கட்டலாம்."

விஷயம் இதுதான். செயற்கை மூட்டில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு டெஸ்ட் எடுப்பார்கள். சந்தேகம் வந்தால் மூட்டுக்குள் ஊசி விட்டு நீரை உறிஞ்சி லேபில் வளர்த்துப் பார்ப்பார்கள். சில கிருமிகள் சோம்பேறிகள்; தலைகாட்டப் பதினாலு நாள்கூட ஆகும். முன்னாலேயே அரைகுறையாக ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் லேபில் ஒன்றுமே வளராது. கிருமி இல்லை என்று நினைத்து வெறும் மூட்டை மாற்றிவிட்டால் புது மூட்டும் போச்சு. ஆகவே மாற்று மூட்டு வீங்கினால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். நேரே எலும்பு டாக்டரிடம் போங்கள். ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான், இந்தக் கட்டுரை அல்ல. குளிர்ஜுரம், மயக்கம், சீழ் என்று இருந்தால் இரண்டு வார வெயிட்டிங் எல்லாம் கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வியில்தான் குடும்பமே முழித்தது. "உள்ள இருக்கறது எந்த கம்பெனி மூட்டு? என்ன சைஸ்?"

ஏன் கேட்கிறார்? பழைய மூட்டு முழுக்கக் கெட்டுப்போகாமல் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்திருந்தால், சில சமயம் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் வேண்டும். மாருதி ஸ்பேர் பார்ட் அம்பாசடரில் பொருந்துமா? முழுசாகக் கழற்றுவதாக இருந்தாலும், எந்த ஆயுதம் தேவை, சிமெண்ட் எதுவரை போயிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் எலும்பு சேதம் குறையும். எக்ஸ்-ரேயைப் பார்த்து ஓரளவுக்கு ஊகிப்பார்கள். சைஸும் லாட் நம்பரும் எக்ஸ்-ரேயில் எழுதியிருக்காது.

கும்பகோணத்தில் பரண் ஏறித் தேடியதில், கல்யாண ஆல்பத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் பையில், 2014 ஃபைல் கிடைத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம் நாலு ஸ்டிக்கர். ஒன்றில் மட்டும் கரப்பான் பூச்சி கொஞ்சம் சாப்பிட்டிருந்தது.

இந்த ஃபைல் விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 ஆகஸ்டில் டிப்யூ கம்பெனி தன்னுடைய ஏ.எஸ்.ஆர். என்கிற இடுப்பு மூட்டை உலகம் பூராவும் திரும்பப் பெற்றுக்கொண்டது. உலோகத்தின் மேல் உலோகம் உரசுகிற மாடல் அது. உரசி உரசி கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்தது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. 2018-ல் மத்திய அரசு நஷ்டஈட்டுக்கு ஃபார்முலா வகுத்து, 30 லட்சத்திலிருந்து ஒரு கோடியே இருபது லட்சத்துக்குச் சற்று மேல் வரை என்று அறிவித்தது. என் இடுப்பில் இருப்பது அந்த மாடல்தான் என்று நிரூபிக்க என்ன வேண்டும்? அதே பேப்பர், அதே ஸ்டிக்கர்! இன்றைக்கு ராத்திரியே அப்பாவின் ஃபைலை எடுத்து, எல்லாப் பக்கத்தையும் செல்போனில் போட்டோ பிடித்து, உங்களுக்கே ஈ-மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்-ரேக்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுங்கள். மூட்டு இடம் மாறியிருக்கிறதா என்பது பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெரியப்பாவுக்குக் கிருமிதான் என்று உறுதியானது. ரொம்ப நாளாகக் குடியேறிய கிருமி என்றால் பெரும்பாலும் இரண்டு தவணை ஆபரேஷன். முதல் தவணையில் பழைய மூட்டைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் குழைத்த சிமெண்டில் ஒரு தற்காலிகக் கட்டை வைத்து மூடுவார்கள். ஸ்பேசர் என்று பெயர். அப்புறம் சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக், பெரும்பாலும் ஊசி வழியாக. ரத்த டெஸ்ட் இறங்கி, கிருமி அடங்கியது என்று தெரிந்த பிறகு இரண்டாவது தவணையில் புது மூட்டு. எலும்பு அரிக்கப்பட்ட இடத்தை உலோகத் துண்டுகளால் நிரப்பி, நீளமான தண்டு வைத்து நிறுத்துவார்கள். கிட்டத்தட்ட மூன்று மாச விவகாரம்.

தயாராவது என்றால் இந்த நடு மூன்று மாசத்துக்குத் தயாராவதுதான் என்பேன். ஆபரேஷன் தினத்துக்கு எல்லோரும் தயாராகிறார்கள், சாமிக்கு வேண்டிக்கொள்கிறார்கள், ஹார்லிக்ஸோடு வருகிறார்கள். ஸ்பேசரும் பிரேஸுமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிற நாற்பதாவது நாள் மத்தியானம் யாரும் வருவதில்லை. பெரியப்பா போனிலேயே கடை நடத்தினார். "அந்த அண்டா எடை சரியாப் பாத்தியாடா?" என்று கத்துகிற குரல் ஒரு கட்டத்தில் மெலிந்துபோனது. ஒரு நாள் அண்ணனிடம் சொன்னார். "ஏண்டா, இன்னொரு தடவ வெட்டணுமா? இப்படியே விட்டுட்டா என்ன?"

கேட்க வேண்டிய கேள்விதான். அண்ணன் டாக்டரிடம் அப்படியே கேட்டான். டாக்டரும் மழுப்பாமல் சொன்னார். புது மூட்டு வைக்காமல் இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். வலி போகும், ஆனால் கால் ஆயுசுக்கும் மடங்காது. வயசும் உடம்பும் ரொம்ப மோசமாக இருந்தால் மாத்திரையிலேயே ஓட்டுவதும் உண்டு. கிருமி கட்டுக்கு அடங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிய நிலைமையும் அபூர்வமாக வரும். இதை ஆபீஸ் மாடிப்படியில் நின்று போனில் கேட்ட அண்ணன், அன்று மதியம் சாப்பிடவில்லை.

பெரியப்பா பத்து நிமிஷம் யோசித்தார். "மடங்காத காலோட கல்லால உக்காந்தா, வர்ற கஸ்டமர் அத்தன பேரும் என் காலத் தாண்டித்தான் உள்ள போகணும். வேணாம். ஆபரேஷனே பண்ணச் சொல்லு."

இனி உடம்பைத் தயார் பண்ணும் படலம். சர்க்கரை முதல் எதிரி. மூன்று மாச சராசரி காட்டும் எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே, முடிந்தால் ஏழரைக்குக் கீழே இறங்கட்டும் என்று டாக்டர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் பட்டினி கிடந்தால் இறங்காது. முன்னாலிருந்தே வேலை செய்ய வேண்டும். அடுத்து ஹீமோகுளோபின். ரிவிஷனில் நேரமும் ரத்தமும் அதிகம் போகும் என்பதால், ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்தை முதலிலேயே ஏற்றுவார்கள். சிகரெட், பீடி குறைந்தது நாலு வாரம் முன்னால் ஸ்டாப். ஆபீஸ் நண்பர்களில் யார் யார் என்ன குரூப் என்று லிஸ்ட் எடுத்து வையுங்கள். ரத்த வங்கிக்குப் பதில் ரத்தம் கேட்பார்கள். டீ குடிக்க மட்டும் வருகிற நண்பன் யார் என்பதும் அன்று தெரிந்துவிடும்!

பலரும் கோட்டை விடுவது சில்லறை விஷயங்களில். சொத்தைப் பல், கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், ஆழமான பித்தவெடிப்பு, அடிக்கடி வரும் சிறுநீர்க் கடுப்பு... இதெல்லாம் கிருமிக்கு வாசற்படி. அங்கே நுழைந்து ரத்தத்தில் சவாரி செய்து நேராகப் புது மூட்டில் போய் இறங்கும். ஆகவே எலும்பு டாக்டருக்கு முன்னால் பல் டாக்டர். இன்னொன்று, 'டாக்டருக்கு சிரமம் வேண்டாமே' என்று முந்தின ராத்திரி நம் ஊர் பிளேடால் முட்டியை மழமழவென்று சவரம் செய்து அனுப்பாதீர்கள். பிளேடு கீறலே கிருமிக்கு டிக்கெட். முடி எடுக்கணும் என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் கொட்டிக் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையை எப்போது நிறுத்தணும் என்று இதய டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை மாத்திரைகளில் புது ரகம் சிலவற்றை மூன்று நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். ஊர்ப்பக்கம் மூட்டு வலிக்கு லேபிள் இல்லாத பொட்டலத்தில் ஒரு பொடி விற்கிறார்களே, அதைச் சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பு என்று மயக்க டாக்டருக்குத் தெரியாமல் போனால் டேபிளில் ஆபத்து.

கால் இப்படி இருக்கும்போது கைக்கு என்ன வேலை? வாக்கரைப் பிடித்து உடம்பைத் தூக்கப்போவது கைதான். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஊன்றி, உடம்பை லேசாகத் தூக்கிப் பழகச் சொல்லுங்கள். முட்டிக்குக் கீழே டவலைச் சுருட்டி வைத்து அழுத்துகிற தொடைப் பயிற்சியையும் பிஸியோதெரபிஸ்ட் அனுமதித்தால் முன்கூட்டியே ஆரம்பிக்கலாம்.

வீட்டில் மிதியடி, சுருளும் பாய், குறுக்கே ஓடும் டேபிள் ஃபேன் ஒயர் எல்லாம் வெளியே. கீழ்வீட்டிலேயே படுக்கை. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி விளக்கு. இந்தியன் டாய்லெட்தான் என்றால், மேலே வைக்கிற உயரமான ஸ்டூல் சீட் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கிறது. தரையில் உட்காரும் ஆசைக்குப் பெரிய கும்பிடு. ரிவிஷனுக்குப் பிறகு முதல் தடவை அளவுக்குக் கால் மடங்காமல் போகலாம். சுமார் நூறு டிகிரி மடங்கினாலே நாற்காலியிலிருந்து எழுந்து, படி ஏறி, பஸ்ஸில் போய்வர முடியும். 'போன தடவ மாதிரி வரலியே' என்று பிறகு குமைவதைவிட, எவ்வளவு மடங்கும், வலி எவ்வளவு குறையும் என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடுவது உத்தமம். கூடவே, 'வருஷத்துக்கு எத்தனை ரிவிஷன் செய்றீங்க சார்?' என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இப்போது ஃபீஸ். முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அன்றைய கணக்கில் சாதா கோபால்ட்-குரோமியம் மூட்டு 54,720 ரூபாய், ரிவிஷன் மூட்டு 1,13,950 ரூபாய், வரி தனி. அரியர்ஸுக்கு டபுள் ஃபீஸ் என்று நான் சொன்னது இதைத்தான். ரேட் பின்னால் மாறியிருக்கும்; உங்கள் தினத்தில் அமலில் உள்ளதைக் கேட்டு, பில்லில் மூட்டின் விலையைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். உச்சவரம்பு மூட்டுக்கு மட்டும்தான். தியேட்டர் வாடகை, டாக்டர் ஃபீஸ், ஊசி மருந்து, ரூம் எல்லாம் அதற்கு வெளியே. இரண்டு தவணை என்றால் எல்லாமே இரண்டு தடவை.

ஆபீஸ் குரூப் பாலிசியில் அப்பா அம்மா பெயர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் நண்பர்கள் ஒரு தடவை அந்த பி.டி.எஃப்.பைத் திறந்து படிக்கவும். பெற்றோருக்கு நம் கையிலிருந்து எத்தனை சதவிகிதம் கட்டணும், ரூம் வாடகைக்கு லிமிட் என்ன, மூட்டு ஆபரேஷனுக்குத் தனி வரம்பு உண்டா, இரண்டு அட்மிஷனும் ஒரே பாலிசி வருஷத்தில் விழுமா... மார்ச் கடைசியில் ஒன்று, ஜூனில் ஒன்று என்று விழுந்து, நடுவில் பாலிசி புதுப்பிப்பு வந்தால் கணக்கே வேறு. எச்.ஆர். பெண்மணியிடம் ஈ-மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கார்டோடு அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். அங்கேயும் மூட்டு மாற்று ஆபரேஷன்கள் நடக்கின்றன.

லீவு கணக்கில் ஒரு டிப்ஸ். முதல் தவணைக்கே எல்லா லீவையும் கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். அண்ணன் முதல் தடவை ஐந்து நாள், டிஸ்சார்ஜ் அன்று ஒரு நாள், இரண்டாம் தவணைக்குப் பத்து நாள் என்று பிரித்துக்கொண்டான். நடுவில் ராத்திரி டூட்டிக்கு நான், என் தம்பி, கடைப் பையன் என்று முறை வைத்துக்கொண்டோம். பெரியம்மா யாரையும் நம்பாமல் மூன்று மாசமும் கூடவே இருந்தார் என்பது வேறு விஷயம்.

பெரியப்பா இப்போது கடைக்குப் போகிறார். கல்லாவை உயர்த்தி, கைப்பிடி வைத்த நாற்காலி போட்டாயிற்று. வலது கால் ஒரு நூறு டிகிரி மடங்குகிறது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். ஆறாவது வாரம், மூன்றாவது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை என்று எக்ஸ்-ரேக்குச் சென்னை வரவேண்டும். போன வருஷம் வந்தபோது டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி:

"சார், இந்த மூட்டுல பித்தளை கலந்திருக்கா? எடைக்கு என்ன ரேட் போகும்?"